வாசற்படிக்கு வெளியே ஒரு மாப்பிள்ளை

ஜூன் 1, ஞாயிறு

பிரஷர் மாத்திரை போட்டேன்.

இப்படித் தினமும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்று என் பேத்தி நிரோஷாவின் உத்தரவு. அதற்காகத்தான் இந்த டைரியைக் கொடுத்தாள். ஒரு வரிக்கு ஒரு முழுப் பக்கமா? தாளை வீணாக்க எனக்கு மனசு வராது. அவள் பார்ப்பதற்குச் சுவர்க் காலண்டரில் டிக் போட்டுவிடுகிறேன். டைரி எனக்கே எனக்கு.

நான் ஐந்தாம் வகுப்பு. ஆறாவது படிக்கப் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும் என்று அப்பா நிறுத்திவிட்டார். ஆனாலும் வால்பாறையில் என்னோடு முப்பத்தெட்டு வருசம் கொழுந்து பறித்த பெண்களில், கைநாட்டு வைக்காமல் பேச்சித்தாய் என்று முழுப்பெயர் எழுதிச் சம்பளம் வாங்கியவள் நான். இப்போது ஓய்வு. பஜாருக்குப் பின்னால் வாடகை வீடு. நானும் நிரோஷாவும் மட்டும். அவளுக்கு நாலு வயதில் என் மகனும் மருமகளும் பஸ் விபத்தில் போய்விட்டார்கள்.

அவளுக்கு இப்போது இருபத்தாறு. ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரில் யாருக்கு என்ன ரத்த வகை என்று என் பேத்திக்கு மனப்பாடம். டாக்டரே அவளைக் கேட்டுத்தான் சொல்வாராம். இதை அவள் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டது.

ஜூன் 5, வியாழன்

மாத்திரை போட்டேன். காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு பையன் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. கையில் நிரோஷாவின் குடை. அதை விரிக்காமல் மடக்கியே பிடித்துக்கொண்டு நனைந்திருந்தான்.

"யாருப்பா?"

"என் பெயர் ஞானாபரணம். டீ பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். நிரோஷா குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்."

"எங்க விட்டுட்டு வந்தா?"

கொஞ்சம் யோசித்தான். "பஸ் ஸ்டாண்டில்."

இவன் பொய் சொல்லத் தெரியாதவன். பொய் சொல்லத் தெரியாதவன் பொய் சொன்னால் விஷயம் பெரிது.

எங்கள் வீட்டு வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் வா என்பேன். பால்காரரோ கரண்ட் ரீடிங் எடுக்கிற பையனோ, அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பேன். ஆனால் வயசுப் பையன் ஒருவன் பேத்தியின் குடையோடு வந்து நின்றால்? நாக்கு நுனி வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டேன். அவன் வாசற்படிக்கு வெளியே, மழை முதுகில் விழ, அசையாமல் நின்றான். படியைத் தாண்டி ஒரு விரல்கூட வரவில்லை. குடையை மட்டும் நீட்டினான். விரல் பட்டது. ஆற்றுக் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது.

இந்தக் காலத்தில் பிள்ளைக்கு ஞானாபரணம் என்று யார் பெயர் வைக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வாத்தியார்களுக்குத்தான் அந்தப் பெயர் உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

மாத்திரை போட்டேன். நிரோஷா ஒப்புக்கொண்டாள். அவனைத்தான் கட்டிக்கொள்வாளாம்.

"பழக்கம் எத்தனை நாளா?"

"ஒரு வருசமா, ஆச்சி. பேக்டரியில ரத்த தான முகாம் போட்டோம்லா, சாயங்காலம் வந்து உதவி பண்ணினார். ஆனா அவர் மட்டும் ரத்தம் கொடுக்கல."

"ஊசிக்குப் பயந்தவனா? என்ன மாப்பிள்ளை இவன்? போட்டோ காட்டு."

செல்லைக் காட்டினாள். ஒரு பெஞ்சில் இவள் மட்டும் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். பக்கத்தில் பெஞ்சு காலி. இவள் சாய்ந்திருக்கிற சாய்வுக்கு யாராவது தாங்காவிட்டால் கீழே விழ வேண்டும்.

"எங்கட்டி அவன்?"

"போட்டோவுல விழமாட்டார், ஆச்சி."

கூச்சம் போல. ஆம்பிளைக்கு இத்தனை கூச்சம் ஆகாது.

ஜூன் 12, வியாழன்

தினமும் பொழுது சாய்ந்ததும் வருகிறான். பேக்டரிக்குப் போகிற வழியாம். வாசலில் நின்று நிரோஷாவோடு கால் மணி நேரம் பேசுகிறான். படி தாண்டுவதில்லை. எதிர்வீட்டு செலினா கேட்கிறாள், "என்னக்கா, வாசலுக்கு செக்யூரிட்டி போட்டுட்டியா? பேரனுக்குச் சம்பளம் உண்டா?"

"அவன் என் பேரனும் இல்ல, நான் வரச் சொல்லவும் இல்ல."

"அப்பச் சம்பளம் இல்லாம நிக்கான். நல்ல பையன்தான்."

இன்று நிரோஷா வர நேரமானது. பாவம் என்று சுக்குக் காப்பி நீட்டினேன். வேண்டாம் என்றான். பூண்டுக் குழம்பு வைத்திருந்தேன், ஒரு வாய் சாப்பிடுகிறாயா என்று அடுப்பங்கரையிலிருந்து சட்டியோடு வந்தேன். நாலு எட்டுப் பின்னால் போய்விட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

"காரம் இன்னும் நாக்குல படவேயில்ல, அதுக்குள்ள என்னப்பா அழுகை?"

"மன்னிக்க வேண்டும், ஆச்சி. பூண்டு எனக்கு ஒத்துக்கொள்ளாது." கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்றைக்கு நீங்கள் மாத்திரை போடவில்லையா? நெஞ்சு வேகமாக அடிக்கிறதே" என்றான்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போடவில்லைதான். அவன் நின்ற இடத்துக்கும் எனக்கும் பத்து அடி இருக்கும். நிரோஷா சொல்லிக்கொடுத்திருப்பாள்.

"எவ்வளவு நேரம் அங்கேயே நிப்பே?" என்று கேட்டேன்.

"நீங்கள் வா என்று சொன்னால்தான் நான் வர முடியும்."

மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனாலும் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கறிக்கடைக்குப் போனேன். பாய் சொல்கிறார், "உங்க பேத்தி இந்த வாரம் இன்னும் ரத்தம் வாங்க வரலியேம்மா."

"எந்த ரத்தம்?"

"வாராவாரம் ஆட்டு ரத்தம் வாங்கும்லா. பொரியலுக்குன்னு சொல்லும். ஆனா கட்டியா வேண்டாம், உறையாம வேணும்னு கேக்கும். தண்ணியா இருந்தா பொரியல் எப்படிம்மா வரும்?"

எங்கள் வீட்டில் ரத்தப் பொரியல் வைத்து ஒரு வருசம் ஆகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதும் நான் விட்டுவிட்டேன். இதைப் பாயிடம் சொல்லவில்லை. "ஆமா, நான்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அரைக்கிலோ கறியோடு வந்தேன். வெளியாள் முன்னால் பேத்தியை விட்டுக்கொடுக்க முடியாது.

மாத்திரை போட்டேன். ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். கண்ணாடி போட்ட பழைய போட்டோ ஒன்று அங்கே சுவரில் மாட்டியிருக்கும். டீ பேக்டரி திறந்தபோது எடுத்தது. வருசா வருசம் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்தவள் நான். இன்றுதான் முகங்களைப் பார்த்தேன்.

நடுவில் துரை உட்கார்ந்திருக்கிறார். பின்வரிசையில் மூன்றாவதாக வெள்ளைச் சட்டை, கழுத்து வரை பட்டன்.

கீழே பெயர்கள் இங்கிலீஷில் இருந்தன. எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்க்கத்தான் வராது. ஆபீஸ் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இது என்ன பேரு, கண்ணு?"

"ஞானாபரணம், டீ மேக்கர்னு போட்டிருக்கு, பாட்டி. வருசம் 1926. உங்க சொந்தமா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

தாத்தாவாக இருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம்தானே. முகமும் அப்படியே வரும். இடது புருவத்தில் இருக்கிற வெட்டுத் தழும்புமா வரும்?

ஜூன் 20, வெள்ளி

எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். நிரோஷா என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள். சின்ன வயதில் மார்க் குறைந்தால் அப்படித்தான் படுத்துக்கொண்டு சொல்வாள்.

அவன் தாத்தா இல்லை, பேரன் இல்லை, அவனேதான். போட்டோ எடுத்த மறுவருசம் காய்ச்சலோடு காட்டுப் பாதையில் விழுந்து கிடந்தான். யாரோ கழுத்தில் கடித்தார்கள். செத்தான், ஆனால் போகவில்லை. அன்று இருபத்தெட்டு வயது, இன்றும் அதேதான். பத்து இருபது வருசத்துக்கு ஒருமுறை வேறு மலைக்குப் போய்விட்டு, தெரிந்தவர்கள் இல்லாமல் போனதும் திரும்பி வருவானாம். அதற்குப் பிறகு யாரும் அவனைப் போட்டோ எடுக்க முடியவில்லை. வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். சோறு தண்ணீர் கிடையாது, ரத்தம்தான். கூப்பிடாத வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

"பேயா?"

"பேய் இல்ல, ஆச்சி."

"பேய்க்குக் கால் இருக்காது. அவன் செருப்பு போட்டிருக்கான், நான் பாத்தேன். உன்னக் கடிச்சானா?"

"என்னையா? அவர் பல்லு படும்னு முத்தம்கூட நெத்தியிலதான் கொடுப்பார்."

"அத எங்கிட்டச் சொல்லணுமாக்கும்."

ஆட்டு ரத்தம் குடிக்கிறவனை நான் குறை சொல்ல முடியாது. நாமும் சாப்பிடுகிறோம், வெங்காயமும் மிளகாயும் போட்டு. மழை மாசத்தில் தேயிலைக் காட்டுக்குள் நின்று முப்பத்தெட்டு வருசம் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்தவள் நான். அட்டை கெட்ட ஜீவன் இல்லை. அதற்குப் பசி. உப்புத் துணியை வைத்தால் விட்டுவிடும். இவன் விடுவானா?

"நீ கெழவியாவே. அவன் அப்படியே இருப்பான். அப்ப என்ன செய்வே?"

"தெரியல, ஆச்சி."

"அவன மாதிரி உன்னையும் ஆக்கிட்டா? நான் போய்ச் சேர்ற எடத்துக்கு நீ வரவே மாட்டியேட்டி. உன்ன எங்க தேடுவேன்?"

எழுந்து உட்கார்ந்து, "நீ அவரை வான்னு சொல்லாம நான் கட்டிக்கமாட்டேன். நீ வேண்டாம்னா வேற யாரும் வேண்டாம், இப்படியே உங்கூட இருந்துக்கிடுதேன்" என்றாள்.

இதற்கு அவள் ஓடிப்போயிருக்கலாம். ஓடிப்போனால் திட்டவாவது முடியும்.

ஜூன் 26, வியாழன்

இன்று நிரோஷாவுக்கு வேலை முடிய நேரமாகும் என்று தெரியும். அவன் வந்ததும் நானே வாசலுக்குப் போனேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"இங்க பாருப்பா. உனக்கு நூத்து இருபத்தாறு வயசுன்னு கேள்விப்பட்டேன். எனக்கு எழுபத்திரண்டு. நியாயத்துக்கு நான்தான் உன்னத் தாத்தான்னு கூப்பிடணும். நீ என்ன ஆச்சிங்கே."

"நிரோஷாவுக்கு ஆச்சி என்றால் எனக்கும் ஆச்சிதான்."

"அது வேண்டாம்ங்கதுக்குத்தான் வந்தேன். அவள விட்டுரு. வீட்டுல ஒரே விளக்கு அது. இனிமே இந்த வாசலுக்கு வரக்கூடாது."

சண்டை போடுவான் என்று நினைத்தேன். பல்லைக் காட்டினால் காட்டட்டும் என்று முந்தானையில் பூண்டும் முடிந்து வைத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்து, "சரி, ஆச்சி" என்றான். "நான் கேட்டிருக்கவே கூடாது. அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் போகிறேன்."

"விளக்கு வச்ச நேரத்துல போறேன்னு சொல்லாத" என்றேன். "போயிட்டு வாரேன்னு சொல்லணும். உங்க காலத்துல சொல்லித் தரலியா? சரி, மழை வலுக்கு. பாத்துப் போயிட்டு வா."

அவன் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். வாசற்படிக்கு நேராகக் கையை மெல்ல நீட்டினான், சுவர் இருக்கிறதா என்று இருட்டில் தடவுகிறவன் மாதிரி. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். திரும்பிப் போய்விட்டான்.

நான் சொன்ன விதத்தில் குறை இல்லை. கறாராகத்தான் சொன்னேன். மாத்திரை போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

ஒரு வாரமாக அவன் வரவில்லை. நிரோஷாவிடம் நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன். "சரி, ஆச்சி" என்றாள். அவனும் அதையேதான் சொன்னான். சோறு போட்டால் சாப்பிடுகிறாள், கூப்பிட்டால் வருகிறாள். பாய் கடைக்குப் போவதில்லை. பேச்சு மட்டும் இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன். வீடு நன்றாக இருக்கிறது. சத்தம் இல்லை.

ஜூலை 9, புதன்

மாத்திரை இன்னும் நாலுதான் இருக்கிறது. வாங்கி வரச் சொல்ல வேண்டும் என்றால் நான்தான் முதலில் பேச வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காலண்டரில் டிக் போட்டேன்.

சாயங்காலம் ஜன்னலைச் சாத்தப் போனபோது ரோட்டுக்கு அந்தப்பக்கம் மரத்தடியில் அவன் நடந்து போவதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆள் வற்றிப்போயிருந்தான். சட்டை அவன் மேல் தொங்கியது. கறிக்கடை காலையில்தான் திறக்கும், பத்து மணிக்கு ரத்தம் தீர்ந்துவிடும். வெயிலில் வெளியே வர முடியாதவனுக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள்? ஊரில் இத்தனை பேர் இருக்கிறோம், கழுத்தும் இருக்கிறது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அது எனக்கு எதற்கு?

தூக்கம் வரவில்லை. ஒரு விஷயம் எழுதி வைக்கிறேன். நிரோஷாவுக்குத் தெரியாது.

நான் பதினெட்டு வயதில் ஆறுமுகத்தைக் கட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தேன். அவர் எங்கள் சாதி ஆள் இல்லை. இரண்டு வருசம் கழித்து மகன் பிறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். பேரனைப் பார்த்தால் அப்பா மனசு இளகும் என்று நினைப்பு. அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படிக்கு வெளியே நின்றேன். என்னைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பிள்ளை இரண்டு முறை பாலுக்கு அழுதது. நின்றுகொண்டேதான் கொடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் திரும்பிவிட்டேன்.

அப்பாவின் வீட்டுக்குள் போக எனக்கு எந்தத் தடையும் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் கூப்பிடாமல் கால் வைக்க முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வாசல் தெளிக்கக் குனிந்தபோது தலை சுற்றியது. மாத்திரை தீர்ந்து நாலு நாளாகிறது. டிக் மட்டும் போட்டேன். கேட்டால்தானே, அவளாகப் பார்க்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணும்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். நிரோஷா டூட்டி. அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்கத் திரும்பினேன். அவ்வளவுதான் தெரியும். விழும்போது அம்மியின் விளிம்பு நெற்றியில் பட்டது. தரை ஈரமாக இருந்தது. பால் என்று நினைத்தேன், சிவப்பாக இருந்தது.

பிறகு யாரோ என்னைத் தூக்கினார்கள். சில்லென்ற கை. மழை முகத்தில் விழுந்தது. ஆஸ்பத்திரி ஏற்றத்தில் ஒருவன் என்னைச் சுமந்துகொண்டு ஓடினான். என் ரத்தம் அவன் கழுத்தில், காலரில், வாயோரத்தில் எல்லாம் வழிந்தது. அவன் உதட்டை இறுக்கி மூடியிருந்தான். அவன் உடம்பு முழுக்க நடுங்கியது. பயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு நானே எழுதிக்கொள்கிற டைரி என்பதால் பயந்ததை எழுதுகிறேன், வேறு யாரிடமும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நாலு தையல். ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நிரோஷாதான் வகை பார்த்துக் கொடுத்தாள். ராத்திரி பகலாகப் பக்கத்திலேயே இருக்கிறாள்.

இன்று கேட்டாள், "மாத்திரை தீர்ந்தத ஏன் சொல்லல?"

"நீ ஏன் பேசல?"

"நான் பேசலன்னா சாவியா?"

"செத்தனா? இருக்கேன்லா."

அழுதாள். நானும் கொஞ்சம். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு மட்டும் புரியல, ஆச்சி. அவர் எப்படி நம்ம வீட்டுக்குள்ள வந்தார்? கூப்பிடாம வர முடியாதே" என்றாள். "கேட்டேன். ரோட்டுல போகும்போது உன் நெஞ்சு சத்தம் தடுமாறினது கேட்டுச்சாம். எப்படி உள்ள போனீங்கன்னு கேட்டா, ஆச்சி சொன்னாங்கன்னு மட்டும் சொல்றார். நீ எப்ப வான்னு சொன்னே?"

நான் சொல்லவேயில்லை என்று சாதித்தேன். அவள் போன பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. முந்தானையில் பூண்டை முடிந்துகொண்டு, இந்த வாசலுக்கு வராதே என்று சொல்லி முடித்து, அதே வாயால் போயிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அப்போதிலிருந்து மூன்று வாரம் அவனுக்கு வழி திறந்துதான் இருந்தது. பட்டினியாகவும் இருந்தான். ஒரு நாள் ராத்திரிகூட வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தேன். மாத்திரை போட்டேன், நிரோஷா எண்ணிப் பார்த்தாள்.

காலையில் அவளுக்குத் தெரியாமல், செலினாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்கு நடந்தேன். தலையில் கட்டோடு என்னைப் பார்த்ததும் பாய் ஸ்டூல் போட்டார். ரத்தத்தைத் தூக்குச் சட்டியில் பிடித்து அங்கேயே குச்சியால் கிண்ட ஆரம்பித்தேன். கை ஓயாமல் கிண்டினால் நார் நாராகக் குச்சியில் சுற்றிக்கொள்ளும், மீதி உறையாது. என் மாமியார் சொல்லிக் கொடுத்தது.

"டாக்டர் உனக்கு உப்பே கூடாதுன்னாரு. இது யாருக்குக்கா?" என்று செலினா கேட்டாள்.

"விருந்தாளிக்கு."

"விருந்தாளிக்குக் கறி எடுக்காம ரத்தம் எடுக்கியே."

"அவனுக்குப் பல்லு கூச்சம்" என்றேன்.

பொழுது சாய்ந்தது. நிரோஷா என்னவோ யோசனையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து வாசற்படிக்கு வெளியே நின்றான். என்னைப் பார்க்க வந்தானாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே வரவில்லை.

"ஒரு தடவை வந்தவன்தானே. ஏன் நிக்கே?"

"அன்றைக்கு அவசரம், ஆச்சி. நீங்கள் நினைத்துச் சொன்ன சொல் இல்லை அது. அதை வைத்துக்கொண்டு வந்து போவது சரியில்லை."

மடித்த துணியை மார்பில் பிடித்துக்கொண்டு நிரோஷா என்னையே பார்த்தாள். கெஞ்சவில்லை. கெஞ்சுகிற பிள்ளையாக நான் வளர்க்கவில்லை.

"ரெண்டு விஷயம்" என்றேன். "அவளக் கேக்காம அவ கழுத்துப் பக்கம் போகக்கூடாது."

"ஒருநாளும் போகமாட்டேன்."

"அவளாக் கேட்டாலும் பத்து வருசம் யோசிக்கச் சொல்லணும். உனக்கென்ன, நேரம் கெடக்கு."

"ஆச்சி" என்றாள் நிரோஷா.

"நீ சும்மா இரு. ரெண்டாவது, அவளுக்குத் தலை நரைக்கும், பல்லு விழும். அப்ப விட்டுட்டுப் போனே, நான் எங்க இருந்தாலும் வருவேன். அவ கெழவியானாலும் முகம் நல்லாத்தான் இருக்கும், எங்க வீட்டு முகம் அது."

"உங்களைப் பார்த்தால் தெரிகிறது" என்றான். நூற்று இருபத்தாறு வயதில் பேசத் தெரிகிறது.

தூக்குச் சட்டியிலிருந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். விருந்தாளிக்கு எடுக்கிற பெரிய டம்ளர். கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவன் படிக்கு அந்தப்பக்கம், நான் இந்தப்பக்கம். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. ஒரு எழுத்துத்தானே, அப்பா. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்டிருக்கமாட்டேனே.

"வா" என்றேன். "உள்ள வந்து உக்காந்து குடி. வாசல்ல நின்னு குடிச்சா உடம்புல ஒட்டாது."

செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவணி பிறந்துவிட்டது, கல்யாணம் முடிந்தது. சாயங்காலம் விளக்கு வைத்து ஏழு மணிக்குத் தாலி. எல்லாரும் காலையில்தானே கட்டுவார்கள் என்று செலினா கேட்டாள். மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட், பகலில் எழுந்திருக்கமாட்டான் என்றேன். பொய் ஒன்றும் இல்லை.

போட்டோக்காரர் மட்டும் கேமராவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாப் படத்திலும் நிரோஷா தனியாக வெட்கப்படுகிறாள். மாலை ஒன்று அந்தரத்தில் நிற்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாத்திரை போட்டேன். இரண்டு, இப்போது.

டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னதை எழுதவில்லை. நிரோஷாவுக்கும் சொல்லவில்லை. அவனிடம் மறைக்க முடியாது. இன்று பொழுது சாய்ந்ததும் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தான். ஜன்னலுக்கு என் பழைய கம்பளியைத்தான் திரையாகக் கட்டியிருக்கிறோம். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்றைக்கு உங்கள் நெஞ்சு மூன்று தடவை தடுக்கியது, ஆச்சி."

"எண்ணுதியாக்கும். அவகிட்டச் சொல்லாத."

"கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது."

"தெரியும். அவ கேக்கமாட்டா. கேட்டா நீ என்னன்னு சொல்லிருவேன்னு அவளுக்குப் பயம்."

வெளியே மழை விட்டிருந்தது. இந்தப் பிள்ளை என்னைப் போல எத்தனை பேரை வழியனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் வாசலுக்கு வெளியே நின்றேதான் பார்த்திருப்பான், உள்ளே கூப்பிட ஆள் இருந்திருக்காது.

"நான் கெளம்பும்போது நீதான் இருப்பே. போயிட்டு வாங்கன்னு சொல்லணும், கேட்டியா. வேற எதையும் சொல்லி அனுப்பாத."

"சொல்கிறேன்" என்றான். "எத்தனை வருசமானாலும் நீங்கள் வருகிறீர்களா என்று வாசலில் நின்று பார்ப்பேன், ஆச்சி."

"நிக்க வேண்டாம், ராசா. நின்னது போதும். உள்ள உக்காந்துக்கோ. கதவ மட்டும் சாத்தாத."